நவாஹோ உணவும் மக்காச்சோளமும்: சாம்பல் கூழ் முதல் ஃப்ரை பிரெட் வரை

உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அமெரிக்காவின் நவாஹோ பழங்குடி மக்களுடைய பாரம்பரிய உணவு என்று வீடியோக்களில் எல்லோரும் காட்டுகிற, எண்ணெயில் பொரித்த ‘ஃப்ரை பிரெட்’ உண்மையிலேயே அவர்களுடைய பழைய உணவா என்பது ஒன்று. பெரம்பலூர்ப் பக்கம் கோழித் தீவனத்துக்கு லாரி லாரியாகப் போகிற மக்காச்சோளத்துக்கு (இனி வெறும் ‘சோளம்’ என்று வந்தாலும் இதுதான்) அங்கே மட்டும் ஏன் சாமி மரியாதை என்பது இன்னொன்று. கூழில் மரச்சாம்பலைக் கலக்கிறார்களாமே, அது உடம்புக்கு ஆகுமா, நம் வீட்டில் செய்து பார்க்கலாமா என்பது மூன்றாவது. கடைசிக் கேள்விதான் உங்களை எழுத வைத்திருக்கிறது என்று தோன்றுகிறது. ஆனால் முதல் இரண்டுக்கும் பதில் சொல்லாமல் அதற்குப் போனால் அரைகுறையாகிவிடும்.

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவன். நியூ மெக்சிகோவில் ஃபார்மிங்டன் பக்கம் தானியம் அரைக்கும் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் பல வருடம் வேலை பார்த்தேன். ஊரைத் தாண்டி மேற்கே கொஞ்சம் போனாலே நவாஹோ நிலம். உடன் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் அந்த மக்கள்தான். அதனால் அடுப்படி விஷயத்தையும் அதன் வேதியியலையும் தைரியமாகச் சொல்வேன். சடங்குப் பாடல்களுக்குள் போகமாட்டேன். அவை அவர்களுக்குரியவை. சில கதைகளைக் குளிர்காலத்தில் மட்டும்தான் சொல்ல வேண்டும் என்ற கட்டுப்பாடுகூட உண்டு. அதை வெளியாள் ஒருவன் கோடையில் உட்கார்ந்து தட்டச்சு செய்வது சரியில்லை.

ஃப்ரை பிரெட்டை முதலில் முடித்துவிடலாம். மைதா, பேக்கிங் பவுடர், உப்பு, தண்ணீர் சேர்த்துப் பிசைந்து, கையால் தட்டி விரித்து, கொழுப்பில் பொரித்தெடுப்பது. இதில் மைதாவும் பேக்கிங் பவுடரும் அந்த மண்ணின் பழைய பொருள்கள் இல்லை. 1863-64இல் அமெரிக்க ராணுவத்துக்காக கிட் கார்சன் நவாஹோ நிலத்தில் நடத்திய படையெடுப்பின் முக்கிய ஆயுதமே பட்டினிதான். சோளக் கொல்லைகளைக் கொளுத்தினார்கள், ஆடுகளைக் கொன்றார்கள். கேன்யன் டி ஷே பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான பீச் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். பிறகு 8,000க்கும் மேற்பட்டவர்களை ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நடக்கவைத்து, போஸ்கே ரெடோண்டோ என்ற இடத்தில் அடைத்தார்கள். அங்கே போட்ட சோளத்தைப் புழு தின்றது, ஆற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது. ராணுவம் அளந்து கொடுத்த கோதுமை மாவும், உப்புக்கண்டமும், வறுக்காத காபிக்கொட்டையும்தான் சாப்பாடு. காபிக்கொட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் பயறு மாதிரி வேகவைத்துப் பார்த்த கதையை இன்றும் வீடுகளில் சொல்கிறார்கள். 2,000க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இறந்ததாக மதிப்பிடுகிறார்கள்.

இதுவரை சொன்னதில் சந்தேகம் எதுவும் இல்லை. ‘அந்த முகாமில்தான் ஃப்ரை பிரெட் பிறந்தது’ என்பதை மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று கேட்க வேண்டும். முகாமில் மாவும் கொழுப்பும் இருந்தன, அது உறுதி. இன்னார் இன்ன நாளில் முதலில் பொரித்தார் என்பதற்கு எழுத்தில் சான்று கிடையாது. அக்கம்பக்கத்து ஸ்பானிய-மெக்சிகக் குடும்பங்களில் மாவைப் பொரித்துச் சாப்பிடும் பழக்கம் ஏற்கெனவே இருந்தது. அவர்களிடமிருந்தும் வந்திருக்கலாம். இருபதாம் நூற்றாண்டில் அரசு இலவசமாகக் கொடுத்த மாவும் பன்றிக் கொழுப்பும் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தன. இப்போது திருவிழாக் கடைகளில் அதன்மேல் பீன்ஸ், கறி, சீஸ் போட்டு ‘நவாஹோ டாகோ’ என்று விற்கிறார்கள். ‘எங்கள் பாட்டிகள் எங்களை இதைக் கொடுத்துத்தான் காப்பாற்றினார்கள்’ என்று சொல்கிற நவாஹோக்களும் இருக்கிறார்கள், ‘சர்க்கரை நோயைக் கொண்டுவந்ததே இதுதான்’ என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேச்சும் ஒரே சாப்பாட்டு மேசையில் நடந்து கேட்டிருக்கிறேன்.

இனி மக்காச்சோளம். பாரம்பரியம் என்றால் ஆதிகாலத்திலிருந்து இருப்பது என்று வைத்துக்கொண்டால் இங்கேயும் ஒரு சிக்கல் வரும். மக்காச்சோளம் இன்றைய மெக்சிகோவில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு காட்டுப் புல்லிலிருந்து பயிராக்கப்பட்டது. அமெரிக்கத் தென்மேற்குக்கு வந்து 4,000 ஆண்டு இருக்கும். நவாஹோ மொழியோ கனடாவின் வடமேற்கில் பேசப்படும் மொழிகளின் குடும்பம். அதை வைத்து, இவர்கள் வேட்டையாடிக்கொண்டே வடக்கிலிருந்து இறங்கிவந்தார்கள், இங்கே ஏற்கெனவே விவசாயம் செய்துகொண்டிருந்த புவெப்லோ மக்களிடம் பயிர்த்தொழிலைக் கற்றார்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எந்த நூற்றாண்டில் வந்தார்கள் என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. நவாஹோக்களின் சொந்த வரலாறு வேறு. கீழே இருந்த உலகங்களைக் கடந்து நான்கு புனித மலைகளுக்கு நடுவே வெளிப்பட்டவர்கள் தாங்கள். முதல் ஆண் வெள்ளைச் சோளத்தோடும் முதல் பெண் மஞ்சள் சோளத்தோடும் உருவானவர்கள் என்பார்கள். இந்த இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஒன்று மட்டும் ஆவணத்திலேயே இருக்கிறது: 1630இல் பெனாவிடெஸ் என்ற ஸ்பானியப் பாதிரியார் எழுதிவைத்த குறிப்பு இவர்களைப் பெரிய அளவில் வெள்ளாமை செய்கிறவர்கள் என்று சொல்கிறது. ஆக, குறைந்தது 400 ஆண்டு விவசாயம் இவர்கள் கையில் இருக்கிறது.

அந்த நிலத்தைப் பார்த்தால் அதன் அருமை தெரியும். பல இடங்களில் வருடத்துக்கு 250 மில்லிமீட்டர் மழைகூடத் தேறாது. மணல் பாங்கான நிலத்தில், மேலே காய்ந்திருந்தாலும் அடியில் ஈரம் நிற்கிற இடமாகப் பார்த்து, குச்சியால் ஆழமாகக் குத்தி விதைக்கிறார்கள். ஒரு முழ ஆழம்கூடப் போகும். நம் ஊர் ஒட்டுரக விதையை அந்த ஆழத்தில் போட்டால் மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும். அவர்களுடைய விதைக்கும் அண்டை வீட்டாரான ஹோப்பி மக்களின் விதைக்கும் ஒரு தனிக்குணம் உண்டு. முளையின் அடித்தண்டு நீளமாக வளர்ந்து குருத்தை மேலே தள்ளிக்கொண்டு வந்துவிடும். தலைமுறை தலைமுறையாக, முளைத்து வந்ததிலிருந்தே மறுவருட விதையை எடுத்ததால் வந்த குணம் அது. ஒரு குழியில் பல விதைகளைப் போட்டு, அடுத்த குழிக்கு நல்ல இடைவெளி விடுவார்கள். கொத்தாக எழும்பும் பயிர் காற்றையும் மணலையும் ஒன்றுக்கொன்று தாங்கிக்கொள்ளும். எப்போது விதைப்பது என்பதற்குக் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம்தான் கணக்கு. அது மே மாதம் மாலை வானத்தில் மறைந்ததும் ஆரம்பித்து, ஜூன் கடைசியில் விடியலில் திரும்பத் தலைகாட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும். ‘நீ விதைப்பதை அது பார்த்துவிடக் கூடாது’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதற்குப் பிறகு விதைத்தால் கதிர் முற்றுவதற்குள் உறைபனி வந்துவிடும் என்பது அதிலுள்ள நடைமுறைக் கணக்கு.

சாமி மரியாதை என்று கேட்டீர்கள். சோளத்தை ஒரு சிலையாக வைத்துக் கும்பிடுவதில்லை. சோளச் செடியின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது, அதில் சில வேலைகள் அடுப்பில், சில வழிபாட்டில். காலையில் ஆண்பூவை உலுக்கி எடுக்கும் மகரந்தத்தைச் சலித்து, தோல் பையில் வைத்துக்கொள்வார்கள். விடியலில் கிழக்கே பார்த்து நின்று ஒரு சிட்டிகை எடுத்து நாக்கு நுனியில், உச்சந்தலையில் வைத்துவிட்டு, மிச்சத்தை முன்னால் தூவி வேண்டிக்கொள்வார்கள். கல்யாணத்தில் பின்னல் கூடையில் சோளக் கூழை ஊற்றி, அதன்மேல் மகரந்தத்தால் கோடு போட்டு, மணமக்கள் இருவரும் நான்கு திசைப் பக்கத்திலிருந்தும் நடுவிலிருந்தும் எடுத்துச் சாப்பிடுவார்கள். சோளம், பீன்ஸ், பூசணி, புகையிலை நான்கும் அவர்களுக்குப் புனிதப் பயிர்கள். 1952இல் ஏற்ற நவாஹோ தேச (அவர்களுடைய தன்னாட்சி அரசு) முத்திரையின் அடியிலும் இரண்டு சோளச் செடிகள்தான் நிற்கின்றன.

இப்போது சாம்பல். மலைச்சரிவில் வளரும் ஜூனிபர் மரத்தின் பச்சைக் கிளைகளை ஒடித்துவந்து, சுத்தமான தகரத்தின் மேலோ வாணலியிலோ வைத்து எரிப்பார்கள். கட்டை சேரக் கூடாது, இலைப்பகுதிதான் வேண்டும். ஆறியதும் கரித்துண்டை நீக்கிச் சல்லடையில் சலித்தால் சாம்பல்நிற மாவு கிடைக்கும். நாலு டம்ளர் தண்ணீர் கொதிக்கும்போது ஒரு டீஸ்பூன் சாம்பலைச் சல்லடை வழியாகத் தூவி, பிறகு ஒன்றரை டம்ளர்போல நீல மக்காச்சோள மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கிளறுவார்கள். கிளறுவதற்குக் கரண்டி கிடையாது. மெல்லிய குச்சிகளை ஒரு கைப்பிடி அளவு சேர்த்து நடுவில் கட்டிய கட்டு ஒன்று இருக்கும், அதுதான். கூழ் தயாரானதும் அந்தக் குச்சிக்கட்டை மாவு வழிய வழியத் தூக்கிப் பிடித்து, இந்த வீட்டில் பசி வரக் கூடாது என்று வேண்டிக்கொள்வது உண்டு. பசியை எதிர்க்கும் ஆயுதம் என்றே அதைச் சொல்வார்கள். அதனால் அதை வீட்டில் கண்ட இடத்தில் போட்டுவைக்க மாட்டார்கள்.

சாம்பல் விழுந்த கணத்தில் நிறம் மாறுவதைப் பார்க்க வேண்டும். வெறும் மாவை வேகவைத்தால் ஊதா கலந்த மங்கல் சாம்பல் நிறம்தான் வரும். சாம்பல் சேர்ந்ததும் பச்சை கலந்த நீலம் ஏறும். சங்குப்பூத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாகிறதே, அதே வகை நிறமிதான், இங்கே மாற்றம் எதிர்த்திசையில். எலுமிச்சை அமிலம், சாம்பல் காரம். வாசனையில் லேசான மண்மணம் வரும். ருசியில் சாம்பல் தெரியாது, அளவு தாண்டினால் மட்டும் நாக்கில் சோப்புத்தனம் தட்டும்.

உடம்புக்கு ஆகுமா என்றால், இதில் உறுதியாகச் சொல்ல முடிந்தது சுண்ணாம்புச்சத்து. ஜூனிபர் சாம்பலைச் சோதித்துப் பார்த்ததில் ஒரு கிராமுக்குச் சுமார் 280 மில்லிகிராம் கால்சியம் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். மரத்துக்கு மரம் ஏறியிறங்கும் என்றாலும், கிட்டத்தட்ட ஒரு டம்ளர் பாலின் அளவு. பாலை அப்படியே குடித்தால் வயிறு ஏற்காதவர்கள் நிறைய இருக்கும் சமூகத்தில் இது சின்ன விஷயமில்லை. இரண்டாவது விஷயம் நியாசின் என்ற பி வைட்டமின். மக்காச்சோளத்தில் அது உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கும், காரத்தில் வேகவைத்தால்தான் விடுபடும். இது தெரியாமல் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஐரோப்பிய ஏழைகளும் அமெரிக்கத் தெற்கின் ஏழைகளும் பெலாக்ரா என்ற நோயில் செத்தார்கள். நவாஹோக்கள் வெள்ளைச் சோளத்தை முழுசாகச் சாம்பல் தண்ணீரில் தோல் உரியும்வரை வேகவைத்துக் கழுவிச் சமைக்கும் முறையில் இந்த விடுதலை நன்றாகவே நடக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் கிளறும் கூழில் அவ்வளவு நடக்கும் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன், நேரம் போதாது. இணையத்தில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். அதோடு அவர்கள் சாப்பாட்டில் ஆட்டுக்கறியும் பீன்ஸும் இருந்தன. பெலாக்ரா அண்டாததற்குச் சாம்பல் ஒன்றையே காரணமாக்கிவிடக் கூடாது.

சோளத்தை அவர்கள் சமைக்கும் விதங்களில் கூழ் ஒன்றுதான். பால் பிடித்த இளங்கதிரை உதிர்த்து அரைகல்லில் விழுதாக அரைத்து, பச்சை மடலுக்குள் வைத்து மடித்து, தீ மூட்டிச் சூடேற்றிய குழியில் புதைத்துச் சுடும் ரொட்டி ஒன்று உண்டு. உப்புகூடப் போடாமலே இனிக்கும். அறுவடை நேரத்தில் சாலையோரத்தில் விற்பார்கள், மதியத்துக்குள் தீர்ந்துவிடும். இன்னொன்று குளிர்காலத்துக்கானது. பெரிய குழியில் நாளெல்லாம் விறகு எரித்து, கதிர்களை மடலோடு உள்ளே கொட்டி, மண் போட்டு மூடிவிடுவார்கள். விடிந்ததும் திறந்தால் வெந்து புகைமணம் ஏறியிருக்கும். அதை வெயிலில் கல்லாகக் காயவைத்து உதிர்த்துச் சேமித்து, ஆட்டுக்கறியோடு மணிக்கணக்கில் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். என்னைக் கேட்டால் நவாஹோ சமையலில் இதுதான் முதலிடம். ஃப்ரை பிரெட்டைத் தேடிப் போகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

ஆனால் சோளத்தின் இடம் முழுசாகத் தெரிவது பெண் பருவமடைந்ததும் நடத்தும் கினால்டா என்ற நான்கு நாள் சடங்கில். அந்தப் பெண் தினமும் விடியுமுன் கிழக்கு நோக்கி ஓட வேண்டும், பகலில் சோளம் அரைக்க வேண்டும். மூன்று நான்கு அடி அகலத்துக்கு வட்டக் குழி வெட்டி, நாள் முழுக்கத் தீ மூட்டிச் சூடேற்றி, சாம்பலை வாரிவிட்டு, அடியில் சோள மடல்களைப் பரப்பி, கரைத்த மாவை அண்டா அண்டாவாக ஊற்றுவார்கள். அந்தப் பெண் அதன்மேல் சோளமாவைச் சூரியன் போகும் திசையில் சுற்றித் தூவுவாள். மேலேயும் மடல், அதன்மேல் மண், அதன்மேல் இரவெல்லாம் தணல். கேக் வேகிற இரவு முழுவதும் உள்ளே பாட்டு நடக்கும், யாரும் தூங்கக் கூடாது. விடிந்ததும் வெட்டி எல்லோருக்கும் கொடுப்பாள். நடுத்துண்டு சடங்கை நடத்தும் பாடகருக்கு. அவள் மட்டும் அதைச் சாப்பிடக் கூடாது.

அந்தக் கேக்கின் இனிப்பு என் தொழில்காரனை மயக்கும் விஷயம். சர்க்கரை இல்லாத காலத்தில் மாவில் ஒரு பகுதியைப் பெண்கள் வாயில் மென்று கலப்பார்கள். எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். பிறகு அந்த இடத்துக்கு முளைகட்டிக் காயவைத்து அரைத்த கோதுமை வந்தது. முளைத் தானியத்திலும் அதே வகை நொதி இருக்கிறது. குழி மெதுவாகச் சூடேறுவதால் அது வேலை செய்ய நேரம் கிடைக்கிறது, அந்த இரவிலேயே கேக் தன் இனிப்பைத் தானே செய்துகொள்கிறது. இப்போது உலர்திராட்சையும் சேர்ப்பார்கள். கோதுமை ஸ்பானியர் கொண்டுவந்தது என்பதைக் கவனியுங்கள். மிகப் புனிதமான கேக்கிலேயே வெளியிலிருந்து வந்த தானியம் உட்கார்ந்திருக்கிறது, யாருக்கும் அதில் உறுத்தல் இல்லை. அதே கோதுமை மைதாவாகிப் பொரித்தால் அந்தக் குழிப்பக்கம் வர முடியாது. உங்கள் முதல் கேள்விக்கு நான் வைத்திருக்கும் உரைகல் இதுதான். எவ்வளவு பழையது என்று பார்ப்பதைவிட, கினால்டாவில் எதை வேறொன்றால் மாற்ற முடியாது என்று பாருங்கள். கோதுமைக்குப் பதில் சர்க்கரை போடலாம், அரைகல்லுக்குப் பதில் ஆலையில் அரைக்கலாம். சோளத்துக்குப் பதில் எதுவும் கிடையாது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆடு ஸ்பானியரோடு வந்தது. இன்று செம்மறி இல்லாமல் நவாஹோ வீட்டு விசேஷம் இல்லை. 1868 ஜூன் 1இல் கையெழுத்தான உடன்படிக்கையிலேயே 15,000 ஆடுகள் தருவதாகத்தான் அமெரிக்க அரசு எழுதிக்கொடுத்தது. கொழுப்புத் துண்டைக் குடலால் சுற்றித் தணலில் சுடுவது, ரத்தத்தோடு சோளமாவும் கொழுப்பும் கலந்து இரைப்பையில் கட்டி வேகவைப்பது என்று எதையும் வீணாக்க மாட்டார்கள். காட்டிலிருந்து பினியோன் கொட்டை, புளிப்பான சுமாக் பழம், வசந்தத்தில் ஒருவகைக் கீரை, காட்டுச் செடியில் போடும் தேநீர். கசக்கும் காட்டு உருளைக்கிழங்கை ஒருவகை வெள்ளைக் களிமண்ணோடு சேர்த்துச் சாப்பிட்டார்கள். கிழங்கிலுள்ள நச்சுச்சத்தை மண் பிடித்துக்கொள்ளும்.

இன்று நிலைமை வேறு. சுமார் 71,000 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு முழு மளிகைக் கடைகள் 13 என்றுதான் பல வருடமாகக் கணக்குச் சொல்கிறார்கள். சிப்ஸும் சோடாவும் பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கும், கீரைக்கு மணிக்கணக்கில் வண்டி ஓட்ட வேண்டும். 2014இல் நவாஹோ தேசம் சத்தில்லாத தின்பண்டங்களுக்கு 2 சதவீதக் கூடுதல் வரி போட்டு, காய்கனிகளுக்கு விற்பனை வரியை நீக்கியது. சாம்பல் கூழைப் பள்ளிச் சாப்பாட்டுக்கும் முதியோர் மையங்களுக்கும் கொண்டுவர உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சாம்பல் கலந்த நீலமாவு பொட்டலமாகவும் விற்கிறது.

உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கண்ட மரத்தின் சாம்பலைப் போடாதீர்கள். ஜூனிபரிலேயே நச்சுள்ள வகைகள் உண்டு, பெயின்ட் அடித்த கட்டையின் சாம்பல் இன்னும் மோசம். நிறத்துக்காக என்றால் நீல மாவு வாங்கி ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் போதும், ஆனால் அதில் கால்சியம் வராது. கால்சியம்தான் வேண்டுமென்றால் நம் கேழ்வரகுக் கூழே இருக்கிறது, 100 கிராம் மாவில் 350 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. வெற்றிலைச் சுண்ணாம்பு போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூழில் நேரடியாகப் போட வேண்டாம், வாய் வெந்துவிடும். மெக்சிகோக்காரர்கள் செய்வதுபோல முழுச் சோளத்தை வேகவைக்கப் பயன்படுத்தலாம்: ஒரு கிலோ காய்ந்த சோளத்துக்கு உணவுத்தரச் சுண்ணாம்பு 10 கிராம், முக்கால் மணி நேரம் கொதி, இரவு முழுக்க அப்படியே ஊறல், காலையில் தோல் போகும்வரை இரண்டு மூன்று தண்ணீரில் அலசல். எவர்சில்வர் பாத்திரம்தான் எடுக்க வேண்டும், அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும். மாவாக வாங்குவதானால் கடையில் ‘கார்ன் ஃப்ளார்’ என்று கேட்காதீர்கள், சூப்பைக் கெட்டியாக்கும் வெள்ளை ஸ்டார்ச்சைக் கொடுத்துவிடுவார்கள். வடஇந்திய மளிகைக் கடையில் ‘மக்கி ஆட்டா’ என்று கேளுங்கள்.